அத்தானைத் திருப்பித் தந்த ஜூஸ் பெட்டி

இன்று மோர்னிங்சைட் பஸ்ஸில் கோயிலுக்குப் போகும்போது அத்தானுக்கு, அதுதான் அக்காவின் கணவருக்கு, திடீரென்று வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கி, பேச்சும் குழறியது.

“சாப்பிட்டனீங்களோ?” என்று கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை விரதமெல்லோ.”

“இன்சுலின் ஊசி?”

“அதை விடேலுமே? காலமை போட்டனான்.”

ஊசியையும் போட்டு, வயிற்றையும் காயப்போட்டு, இரத்தத்துச் சீனியை அடியோடு இறக்குகிற பக்தி எங்கள் ஆட்களிடம்தான் உண்டு.

முன் சீட்டில் இருந்த ஒரு தாய் தன் பிள்ளையின் ஜூஸ் பெட்டியை நீட்டினார்.

“விரதம் முறியும்,” என்று அத்தான் முகத்தைத் திருப்பினார்.

“முருகனை இண்டைக்கே நேரில பார்க்கப் போறீங்களோ? குடியுங்கோ!” என்று அதட்டினேன்.

குடித்தார். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது, பேச்சுத் தெளிந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற இனிப்புத் தண்ணீர், போய்க்கொண்டிருந்த மனிதனைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது!

இறங்கும்போது சொல்கிறார்: “கொக்காவுக்குச் சொல்லிப்போடாதை.”

அக்காவிடம் நான் வாயே திறக்கவில்லை. இங்கேதான் எழுதியிருக்கிறேன். அக்கா, வாசித்தால் ஒரு லைக் போடு.