நீலக் கரைத் துண்டு

ஏற்றுமதியில் இறங்கலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்த நாட்களில், குமாரபாளையத்திலிருந்து பினாங்குக்குத் துண்டு அனுப்பும் ஒருவரைப் பார்க்கப் போனேன். அவர் புருவத்தில்கூடப் பஞ்சு ஒட்டியிருந்தது.

சரக்கை வேறு முகவரிக்கு அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் வந்தால் அவர் நம்பமாட்டாராம். பினாங்கில் சரக்கு வாங்குகிறவரின் பழைய எண்ணுக்கே போன் போட்டு, "மொத லோடுல கரை என்ன கலருங்க?" என்று கேட்பாராம். அது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த கதை.

"பச்சை கேட்டா நீலத்தை அனுப்பின ஆளாச்சே நீ!" என்று அங்கிருந்து திட்டு விழுந்த பிறகுதான் வியாபாரப் பேச்சு. போலி மின்னஞ்சல் ஒன்று அப்படித்தான் பிடிபட்டதாம்.

"இப்பவும் கேக்கறீங்களா?" என்றேன்.

"அவரு தவறிட்டாருங்க. இப்ப பையன் பாக்கறாப்ல. பணத்துக்கு அவங்க பேங்க்கே பொறுப்பேத்து எல்.சி. குடுத்தாத்தான் சரக்கு ஏத்தறனுங்க. ஒரு பயமும் இல்லீங்க."

மேஜைமேல் கிடந்த பழைய துண்டின் நீலக் கரையை விரலால் நீவினார்.

"திட்டறதுக்குத்தான் ஆளில்லீங்க."

இன்று நானும் ஏற்றுமதி செய்கிறேன். எல்.சி. இல்லாமல் எதையும் அனுப்புவதில்லை. இதுவரை யாரிடமும் ஏமாந்ததில்லை. என்னிடம் வாங்குகிறவர்களில் ஒருவருடைய குரலைக்கூட நான் கேட்டதுமில்லை.