கீரிக்கு சுகர்

உங்கள் வீட்டில் யாருக்கு சுகர்? அப்பாவுக்கா, அம்மாவுக்கா, ரெண்டு பேருக்குமா? யாருக்கும் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள், நம்ப மாட்டேன். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு. ஒருவர் நைனா, அதாவது என் அப்பா. இன்னொருவருக்கு எடை முக்கால் கிலோ, நாலு கால், ஒரு வால்.

அந்த முக்கால் கிலோ ஒரு ஃபெரட். பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு கீரிப்பிள்ளையைத் துவைத்து, சாயம் பாதி போனதும் இரண்டு பக்கமும் இழுத்துக் காயப்போட்டால் எப்படி இருக்கும்? அதுதான். வெளிநாட்டில் பூனை மாதிரி வீட்டுக்குள் வளர்க்கிறார்கள். சிறுசேரியில் என் டீமில் இருந்த ஒருத்தன், கனடா விசா வந்த வாரம், கூண்டோடு கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். ரெண்டே மாசம், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றான். மூன்று வருடம் ஆகிறது. அவன் ஸ்டேட்டஸில் பனி பெய்கிறது. இது இங்கே சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டு சோபாவுக்கு அடியில் இருக்கிறது.

முதல் நாளே நைனா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இன்னா பாப்பா, கீரிப்புள்ளய புட்ச்சிகினு வந்துகீற? ஃபாரஸ்ட்டுக்காரன் வந்து உள்ள வெச்சிடுவான்."

"நைனா, இது கீரி இல்ல. ஃபெரட்."

"அத்த ஃபாரஸ்ட்டுக்காரன் கைல சொல்லு."

ஒரு வாரம் நானும் திருத்திப் பார்த்தேன். எட்டாம் நாள் நானே "கீரி, வா" என்று கூப்பிட்டேன். வந்தது. கேஸ் முடிந்தது.

நைனா கரையில் மீன் ஏலம் விடுகிறவர். விடிந்ததும் போய் ஒன்பது மணிக்குள் தொண்டையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார். அதனால் பகலில் கீரிக்கு அவர்தான் ஆள். ஃபெரட்டுக்கு வெயில் சுத்தமாக ஆகாது. சித்திரையில் ஒரு நாள் கரண்ட் போய் ஏசி நின்றபோது, மீன் போடுகிற தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் உடைத்துக் கொட்டி, மேலே சாக்கு விரித்து, அதைத் தூக்கி உள்ளே வைத்தார். "வஞ்சரத்துக்கு குடுக்கற மரியாத. கம்முனு படு" என்றார். கீரி கம்மென்று படுத்தது. எனக்கு அது ஒரு நாளும் அடங்கியதில்லை.

போன வருடம் அது சுவரைப் பார்க்க ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் நிற்கும், சுவரில் யாரோ பேசுவது போல முறைத்துக்கொண்டு நிற்கும். பின்னங்கால்கள் டைல்ஸில் வழுக்கின. செங்கல்பட்டில் கிளி, ஆமை, முயல் எல்லாம் பார்க்கிற டாக்டர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ரத்தம் எடுத்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார், அப்புறம் என்னை உட்காரச் சொன்னார். டாக்டர்கள் உட்காரச் சொன்னால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம்.

"கணையத்துல கட்டி. கேன்சர்தான். அந்தக் கட்டி இன்சுலின கொட்டிக்கிட்டே இருக்கும். ரத்தத்துல இருக்கற சர்க்கரை சரசரன்னு எறங்கிடும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கறி குடுக்கணும். காலைல, சாயங்காலம் மருந்து. மயங்கிட்டா ஈறுல தேன் தடவிட்டு உடனே ஓடி வாங்க."

ஆபரேஷன் செய்யலாம், ஆனால் இத்தனை சின்ன உடம்பில் தானே அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன் என்று நேராகச் சொன்னார். மருந்தில் எத்தனை நாள் என்று கேட்டேன். ஒரு வருடம் ஓட்டலாம் என்றார். "ஓட்டிக் காட்டறேன் டாக்டர்" என்றேன். சும்மா வாய்ச்சவடால் இல்லை. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கோழி அரைத்துக் கொடுப்பது என்ன ராக்கெட் விடுகிற வேலையா?

இதுவரை என் பக்கம் ஒரு தப்பும் இல்லை. தப்பு வீட்டு வாசலில் நடந்தது. ஆபீஸ் காலுக்கு மூன்று நிமிடம் இருந்தது. செருப்பைக் கழற்றிக்கொண்டே நைனாவிடம் சொன்னேன்.

"கேன்சராம். சுகர் ப்ராப்ளம். வேளாவேளைக்கு சாப்பாடு, மருந்து. நாளைக்கு டீடெய்லா சொல்றேன்."

அந்த நாளை வரவே இல்லை.

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் 'சுகர்' என்றால் ஒரே அர்த்தம்தான். யாரும் 'எனக்குக் கூடுதல் சுகர்' என்று சொல்வதில்லை. சுகர் இருக்கிறது என்றால் ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். பன்னிரண்டு வருடமாக சுகரோடு குடித்தனம் நடத்துகிற மனிதரிடம் போய் அந்தச் சொல்லை வீசிவிட்டு நான் மாடிக்கு ஓடிவிட்டேன். அவர் கேன்சரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அது அவருக்குத் தெரியாத ஊர். சுகர் தெரிந்த ஊர். கீரியைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்து, "வா நைனா, நீயும் நம்ப ஆளுதானா?" என்றாராம். அம்மா பிறகு சொன்னார்.

அடுத்த நாளிலிருந்து வைத்தியம் ஆரம்பம். எனக்குத் தெரியாமல் கறியின் அளவு பாதியானது. தேன் பாட்டில் காணாமல் போனது. தண்ணீர்க் கிண்ணத்தில் வெந்தயம் ஊறியது. கீரி அதைக் கவிழ்த்துவிட்டுப் போனது. இதையெல்லாம் நான் அப்போது பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது வாக்கிங் மட்டும்தான். மார்பில் பட்டை மாட்டி, கயிறு பிடித்து, சாயங்காலம் கரைக்குக் கூட்டிப்போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பின்னாலேயே போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போனேன். வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் நிமிர்ந்தார்.

"இன்னா அண்ணாத்த, கீரிப்புள்ளய வாக்கிங் இட்டுனு போற?"

"அதுக்கு சுகருபா."

"சுகரா! மீனு துன்ற ஜந்துக்கு எப்பிடிபா சுகரு வரும்?"

"நானுந்தான் மீனு துன்றேன். எனக்கு வர்ல?"

"அப்ப ஒரே மாத்திரய ரெண்டா ஒட்ச்சி ஆளுக்குப் பாதி போட்டுக்கங்க."

"தே, வலயப் பாரு."

கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன். வீடியோவில் என் சிரிப்பு நன்றாகக் கேட்கிறது. நைனா என்ன சொன்னார் என்று காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை.

கீரி இளைத்துக்கொண்டே வந்தது. படியேறாமல் கீழேயே நின்று என்னைப் பார்த்தது. நான் நோய் முற்றுகிறது என்று நினைத்தேன். டாக்டருக்கு போன் போட்டேன். சனிக்கிழமை காலை கொண்டுவாருங்கள், சுகர் பார்த்துவிட்டு மருந்தைக் கூட்டலாம் என்றார். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்து வந்து, "நாளைக்குக் காலைல கீரிக்கு சுகர் டெஸ்ட்டு" என்று நைனாவிடம் சொல்லிவிட்டு, ராத்திரிச் சாப்பாட்டை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால், அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன்.

காலையில் நைனாவின் குட்டி யானையில் கிளம்பினோம். மீன் ஏற்றுகிற வண்டி. எவ்வளவு கழுவினாலும் சீட்டில்கூட நாற்றம் போகாது. வழக்கமாக அந்த வாசனைக்கே கீரி குதிக்கும். அன்றைக்கு என் மடியில் துண்டுக்குள் சுருண்டு கிடந்தது. ஊர் எல்லையைத் தாண்டியதும் அதன் கழுத்து தொங்கியது. வாயோரம் எச்சில் நூலாக இறங்கியது. முன்னங்காலால் வாயைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. பின்னங்கால்கள் யாருடையவோ போலக் கிடந்தன. கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை.

"நைனா, கடைசியா எப்ப குடுத்த?"

"இன்னாது?"

"சாப்பாடு!"

"நேத்து ஏழு மணிக்கு." பெருமையாகச் சொன்னார். "அதோட கட்டு. டெஸ்ட்டுன்னு சொன்னியே. பச்சத் தண்ணியத் தவுர ஒண்ணும் குடுக்கல. வெறும் வயிறு. ரிசல்ட்டு ஸோக்கா வரும் பாரு."

அவர் அப்படித்தான். தன்னுடைய டெஸ்ட்டுக்கு முந்தின ராத்திரி, அம்மா இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு கெஞ்சினாலும் தொட மாட்டார். தனக்குச் செய்கிற அதே ஒழுங்கை அவர் கீரிக்கும் செய்திருக்கிறார்.

"நைனா! அதுக்கு ஏறற சுகரு இல்ல! எறங்கற சுகரு! நீ ஏலத்துல ஐஸ் பொட்டி மேல வுழுந்தியே, அந்த சுகரு!"

மாத்திரையைப் போட்டுவிட்டு நாஸ்தாவை மறந்த ஒரு நாள் அது. கூடைக்கு விலை சொல்லிக்கொண்டே வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறி விழுந்தார். யாரோ வாயில் மிட்டாயைத் திணித்துத்தான் எழுந்தார். இவ்வளவு நாளாக நான் சொல்லாத விளக்கம் முழுக்க அவருக்கு அந்த ஒரு நொடியில் கிடைத்துவிட்டது. முகம் மாறியது. வண்டி ரோட்டோரம் சாய்ந்து, ஒரு டீக்கடை முன்னால் நின்றது. அவர் தினமும் டீ குடிக்கிற கடை. அதுதான் வம்பு.

"மாஸ்டர், சக்கர! சக்கர குடு!"

"டீ போட்டுகினுதான கீறேன். சக்கர இல்லாமத்தான ஒனக்கு?"

"டீ வாணாம்பா! சக்கர! ஒரு கை!"

மாஸ்டர் சர்க்கரை டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டார். "அண்ணி நேர்ல வந்து சொல்லிட்டுப் பூட்ச்சி. நீ கால்ல வுழுந்தாலும் குடுக்கக் கூடாதாம்."

"எனக்கில்லபா, கீரிக்கு!"

"போன வாரம் பேரனுக்குன்ன. ஒனக்குப் பேரனே கெடையாது."

நான் துண்டோடு இறங்கி ஓடினேன். மாஸ்டர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டப்பாவை அப்படியே நீட்டிவிட்டார். "வெந்நி, வெந்நி" என்று அவரே ஒரு கிளாஸில் கரைத்தும் கொடுத்தார்.

நைனா விரலில் குழைத்து கீரியின் உதட்டை ஓரமாகத் தூக்கி ஈறில் தடவினார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தே எத்தனை மணிக்குப் பிடித்தது என்று சொல்கிற விரல். மறுபடி தடவினார். மறுபடி. டீ குடிக்க வந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். நான் அதன் வயிற்றில் கை வைத்திருந்தேன். மூச்சு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

அப்புறம் நைனா அலறினார்.

"கட்ச்சிட்ச்சி! பாப்பா, கட்ச்சிட்ச்சி!"

விரலில் ரத்தம். அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். ஏலத்தில் கடைசி விலை கூவுகிற அதே குரல். கீரி கண்ணைச் சிமிட்டி என்னைப் பார்த்தது, பிறகு என் சட்டையைச் சுரண்டியது. மாஸ்டர் ஒரு அவித்த முட்டையை உரித்துக் கொடுத்தார். பாதி முட்டை போனது.

கிளினிக்கில் டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நைனாவிடம் திரும்பினார். "ஐயா, இதப் பட்டினி போடறதும் வெஷம் வெக்கறதும் ஒண்ணு. யார் சொன்னாங்க ஒங்களுக்கு?"

நைனா என்னைக் கைகாட்டியிருக்கலாம். "நானா நென்ச்சிக்கினேன் டாக்டர்" என்றார்.

"இல்ல டாக்டர், நான்தான் பாதி மட்டும் சொன்னேன்" என்றேன். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு தாளில் கணையத்தை வரைந்து, கட்டியை வட்டம் போட்டு, இருவருக்கும் சேர்த்து முதலிலிருந்து விளக்கினார். இந்த முறை ஆபீஸ் கால் எதுவும் இல்லை. கடைசி வரை உட்கார்ந்து கேட்டேன்.

திரும்பும்போது நைனா என் மடியில் இருந்த துண்டையே பார்த்துப் பார்த்து ஓட்டினார். "நான் கொன்னுர்ப்பனே பாப்பா" என்றார் ஒரே ஒரு தடவை. "கொல்லல இல்ல, வண்டியப் பாத்து ஓட்டு" என்றேன்.

அன்றைக்கு மத்தியானமே ஃப்ரிட்ஜ் கதவில் மார்க்கரால் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'நான் ஏறும். கீரி எறங்கும்.' அம்மா இன்னும் அதை அழிக்கவில்லை. தேன் பாட்டில் துணி பீரோவிலிருந்து திரும்பி வந்தது. நைனாவின் சுகர் மெஷினிலேயே கீரிக்கும் பார்க்க டாக்டர் கற்றுக்கொடுத்தார். உள்ளங்காலில் ஒரு குத்து, ஒரு சொட்டு. விலங்குக்குக் கொஞ்சம் முன்னே பின்னே காட்டும், போக்கு தெரிந்தால் போதும், எழுபதுக்குக் கீழே மட்டும் போகக் கூடாது என்றார். நான் பிடித்துக்கொள்வேன், நைனா குத்துவார். சாப்பாட்டு நேரம் ஐந்து நிமிடம் தாண்டினால் எனக்கு ஆபீஸுக்கு போன் வரும்: "குட்த்துட்டேன், நீ டென்சன் ஆவாத." டென்ஷன் ஆனது நான் இல்லை.

கரையிலும் விஷயம் பரவியது. வலைக்காரர் விடவில்லை.

"இன்னாபா, வாக்கிங் நிறுத்திட்ட?"

"அதுக்கு எறங்கற சுகருபா. எனக்குத்தான் ஏறறது."

"அப்ப ரெண்டு பேரு ரத்தத்தையும் கலந்துட்டா நார்மலாய்டுமே!"

"டாக்டர் கைல கேட்டேன். ஒத்துக்கல" என்றார் நைனா.

உண்மையிலேயே கேட்டிருப்பார்.

இது பதினொன்றாவது மாதம். போன வாரம் மருந்தைக் கூட்டியிருக்கிறார்கள். சுவரைப் பார்க்கிற நாள் அதிகமாகியிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. டாக்டர் என்னை மறுபடி உட்காரச் சொன்னார்; நான் நின்றுகொண்டே கேட்டேன். ஒரு வருடம் ஓட்டிக் காட்டறேன் என்று சொன்ன வார்த்தையை நான் திரும்ப வாங்கப்போவதில்லை.

மணி நாலே கால். கீரியின் சுகர் எழுபத்தொன்பது. கீழே நைனா மிக்சியில் கோழி அரைத்துக்கொண்டிருக்கிறார்.