முதல் எழுத்து மட்டும் தெரிந்த பஸ்

கண்ணாடிக் கடையில் கண்ணாடியை விற்பது சுலபம். வாங்கினவர்களைப் போட வைப்பதுதான் பெரும்பாடு. பிள்ளைக்கு மருந்து புகட்டும் அம்மாமாரே, ஊற்றியதைத் துப்பாமல் முழுங்க வைக்க நாம் படும் பாடு இருக்கிறதே, அதேதான் இதுவும்.

மடிப்புக் கலையாத துணி

மதுரை விளாங்குடியில் எங்கள் கடைக்கு வருவதில் பாதிப்பேர் காலேஜ் பிள்ளைகள். எம்.எஸ்சி. கணக்கு படிக்கும் பாண்டிச்செல்வி ஒருநாள் தோழிக்குத் துணையாக வந்தாள். எங்களிடம் வாங்கிய கண்ணாடி மூக்கில் இல்லை. கேட்டதும் பையிலிருந்து பெட்டியை எடுத்தாள். உள்ளே துடைக்கிற துணிகூட மடிப்புக் கலையவில்லை!

"ஏத்தா, டாக்டர் எப்பவும் போடச் சொன்னாரா, பொத்தி வைக்கச் சொன்னாரா?" என்றேன்.

"போட்டா வகுப்புல பயலுக 'டீச்சர் வாராக, எந்திரிங்கடா'ன்னு மொத்தமா எந்திரிச்சு நிக்கிறாங்கக்கா!"

தெற்கே போன வண்டி

வடக்கே அழகர்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலைக்கு அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அன்று சாயங்காலம் கண் சிவக்கக் கடைக்கு வந்தாள். வண்டி வெகுதூரம் போன பிறகுதான் கண்டக்டர், "தாயி, இது அவனியாபுரம் வண்டி" என்றாராம். நேர்முகம் போச்சு. போனில் கெஞ்சி, திங்கட்கிழமை இன்னொரு தடவை வர அனுமதி வாங்கியிருந்தாள்.

"போர்டைப் பார்க்காமலா ஏறுன?"

"பார்த்தேன்க்கா. 'அ' தெரிஞ்சுச்சு. மிச்சத்தை நானா வாசிச்சுட்டேன்."

எந்திரிச்சு நின்னவங்க

சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் மனசு வரவில்லை. போட்டுப் பார்க்கச் சொன்னேன். காதுக்குப் பின்னால் அழுத்துவதை இத்தனை நாள் சொல்லவே இல்லை, கழுதை! காதில் மாட்டும் காம்பைச் சூடுகாட்டி வளைத்து மாட்டிவிட்டேன். பால்வாடி விட்டு வந்து என் சேலையைப் பிடித்து நின்ற மூன்று வயது மகள் அண்ணாந்து பார்த்து, "டீச்சர்!" என்றாள். செல்வியின் கை கண்ணாடியைக் கழற்றப் போனது. அப்புறம் என்ன நினைத்தாளோ, குனிந்து பாப்பா கன்னத்தைக் கிள்ளினாள்.

திங்கட்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஆறாம் வகுப்பில் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்களாம். வேலை கிடைத்துவிட்டதாம். அதைச் சொல்லிவிட்டு வகுப்புக் கதைக்கு வந்தாள்.

"உள்ள போனதும் மொத்தப் பிள்ளைகளும் எந்திரிச்சு நின்னுச்சுக்கா. கடைசி பெஞ்சு வரைக்கும் மூஞ்சி மூஞ்சியாத் தெரிஞ்சுச்சு."

இம்புட்டு நாள் நான் சொன்ன புத்திமதியைவிட ஒரு தப்பான பஸ் நன்றாக வேலை செய்திருக்கிறது, அதைக் கடையில் வைத்து விற்க வழியில்லையே என்பதுதான் என் கவலை.