டிபுக் என்றொரு சொல்லும் என் இரண்டு கால்களும்

சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திப் பெடலை உழக்கிப் பின்சில்லைச் சுற்றினால் டைனமோவில் வரும் மின்சாரத்தில்தான் அந்த நாட்களில் வன்னியில் நாங்கள் பாட்டுக் கேட்டோம். யுத்த காலம், பற்றரி உள்ளே கொண்டுவரத் தடை. உழக்குகிறவன் களைத்தால் பாடுகிறவரும் களைப்பார். பெண் குரல் ஆணாகும், ஆண் குரல் எருமையாகும். எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஞ்ஞானம் அது. அந்த விஞ்ஞானம்தான் எங்களைக் கெடுத்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் எரிச்சலாக வருகிறது.

என் தாய்மாமனின் மனைவியை மாமி என்பேன். மாமன் இறந்த பிறகு முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, துணுக்காயில் எங்கள் காணிக்குள் கொட்டில் போட்டிருந்தா. "கடல் காணாத ஊரிலை சோத்துக்கு உப்பே ஏறாது" என்று அடிக்கடி சொல்லுவா. மூத்த மகன், என் மச்சான், சுவீடனில். இளையவன் ஷெல் விழுந்து செத்துப்போனான். அந்தச் செய்தி போன நாளிலிருந்து மூத்தவனின் கடிதம் நின்றுவிட்டது. ஒன்றரை வருடம் கழித்து, வவுனியாவால் வந்த ஒருவர் கையில் ஒரு கசற் வந்து சேர்ந்தது. 'அம்மாவுக்கு' என்று மட்டும் எழுதியிருந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்து அனுப்புவது அப்போது வழக்கம்.

மாமி முகம் கழுவி, பவுடர் பூசி, கதிரையை ரேப் ரெக்கோடருக்கு முன்னால் இழுத்துப்போட்டு இருந்தா, மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதுபோல. நான் உழக்கத் தொடங்கினேன்.

தகரக் கூரையில் கல்மழை விழுவதுபோல ஒரு மேளம். அதற்குள்ளிருந்து ஒரு உறுமல்.

"டேய், சோறு தின்னேல்லையே? வடிவா உழக்கு! பிள்ளையின்ரை குரல் இழுபடுது" என்றா மாமி.

மூச்சு வாங்க உழக்கினேன். உறுமல் வேகமாக உறுமியதே தவிர மனிதக் குரலாகவில்லை. பக்கத்துக் காணியில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறிய அண்ணன் ஒருவர் இருந்தார். வேலிக்கு மேலால் பார்த்துச் சிரித்தார். "எறங்குங்க தம்பி. இது தேயிலை மலை ஏறின காலு." அவர் உழக்கிய உழக்கில் சில்லே தெரியவில்லை. "என்னம்மா இது, நம்ம கோயில்ல சாமி வந்தாக்கூட இப்படிக் கத்தாதே!"

திடீரென்று மேளம் நின்றது. குருவிக் குரலில் ஒருவன் கீச்சிட்டான். "மெல்ல, மெல்ல!" என்று மாமி கத்தினா. அண்ணன் காலைத் தளர்த்த, மச்சானின் குரல் இறங்கி வந்து தன் இடத்தில் நின்றது.

"அம்மா, பயந்திட்டியளோ? கத்தினது நான்தான். டெத் மெட்டல் எண்டு ஒரு பாட்டு வகை. இஞ்சத்தைப் பெடியளோடை சேர்ந்து செய்யிறன். திருப்பித் திருப்பி வாற சொல்லு டிபுக். யூதச் சனத்தின்ரை இத்திஷ் பாசை. செத்த ஒருத்தன்ரை ஆவி உயிரோடை இருக்கிறவனைப் பிடிச்சுக்கொண்டு, அவன்ரை வாயாலை கதைக்கிறதுக்கு அப்பிடிச் சொல்லுறவை. அந்தச் சொல்லைக் கேட்ட நாளிலையிருந்து எனக்குக் கடிதம் எழுத வரேல்லை, கத்தத்தான் வருது. தம்பிக்காகத்தான் கத்திறன்."

அவ்வளவுதான் பதிந்திருந்தது. மாமி சிலுவை போட்டுக்கொண்டா. பிறகு கோபம் வந்தது. "ஒண்டரை வருசம் பாத்திருந்தன். சாப்பிடுறனோ, படுக்கிறனோ எண்டு ஒரு சொல்லு இல்லை. யூதற்றை பேயைப் பற்றிப் படிப்பிக்கிறான் எனக்கு!" மறுநாள் கசற்றின் மற்றப் பக்கத்தில் பதில் பதியவேண்டும் என்றா. அண்ணன் உழக்க வந்தார். வீட்டுக் கதை, நானே உழக்குகிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். என் வீம்பு.

மாமி அரைமணி நேரம் பேசினா. கடைசியில்தான் சொல்ல வந்ததைச் சொன்னா: "அவனை நீ காவித் திரியாதை, மோனை. என்னட்டை விட்டிடு. பெத்தவள் நான் வைச்சிருக்கிறன். நீ சாப்பிடு." அந்த இடத்தில் என் கால்கள் செத்துப்போயிருந்தன. நிறுத்தச் சொல்லவும் வாய் வரவில்லை. போட்டுக் கேட்டோம். அதே களைத்த கால்களால் உழக்கியதால் குரல் சரியாகவே கேட்டது; அப்படியே அனுப்பிவிட்டோம். களைத்த காலில் பதிந்தது களைக்காத மின்சாரத்தில் கீச்சிடும்; கேட்கும்போது தெரிந்த அந்த விஞ்ஞானம் பதியும்போது ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

மாமி மலேரியாவில் போய்ச்சேர்ந்த அடுத்த வருடம், வவுனியாவில் ஒரு கொமினிகேசன் ரெலிபோன் கடையிலிருந்து மச்சானோடு பேசினேன். அம்மாவின் கசற் கிடைத்ததா என்று கேட்டேன்.

"கிடைச்சது. ஆரோ சின்னப் பிள்ளை கீச்சிடுற மாதிரி இருந்தது. ஸ்டூடியோவிலை வேகத்தைக் குறைச்சுப் பாத்தன். ஓரிடம் சரிவந்தா அடுத்த இடம் பிழைக்குது. சொன்னதெல்லாம் விளங்கினது மச்சான். தம்பியை விடச் சொல்லுறா. ஆனா அதை அம்மா சொல்லோணுமெல்லே? எந்த வேகத்திலை விட்டாலும் அம்மா வாறா இல்லையடா."

இன்னும் கத்துகிறாயா என்று கேட்டேன்.

"ஓம்" என்றான்.