வியாழக்கிழமைக்கு மாறிய ஆட்டம்

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுப் பின்பக்கப் புல்தரையில் மூன்று ஆண்கள் உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் என் கணவர். இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டிய டெக்சஸ்காரர், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாமவர் இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் திருநெல்வேலி டாக்டர்; என்னை மதினி என்று கூப்பிடுகிறவர்.

விஷயம் இதுதான். எங்கள் மகள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் (பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்க வகை) அணி அந்த வருஷம் ஆடப்போகும் ஆட்டங்களின் பட்டியல் அன்று வந்திருந்தது. வழக்கமாக எல்லா ஆட்டமும் சனிக்கிழமைதான். இந்த முறை அக்டோபரில் ஓர் ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்காக வியாழக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

"வெள்ளி பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு. சனி காலேஜுக்கு. ஞாயிறு சர்ச்சுக்கு. நான் பொறந்ததுல இருந்து இதுதான் வரிசை. இதை மாத்த இவங்க யாரு?" என்று வாத்தியார் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். வியாழக்கிழமை அவருக்கு சர்ச்சில் பாட்டுப் பயிற்சி வேறு.

டாக்டர் விடவில்லை. "சனிக்கிழமை நம்ம டீமை யாரு பாக்கா? பெரிய பெரிய காலேஜ் ஆட்டமெல்லாம் அன்னைக்குத்தான இருக்கு. வியாழக்கிழமைன்னா நாடே நம்மளைத்தான் பாக்கும்லா!"

"நாடு பாக்கறது இருக்கட்டும்," என்றார் என் கணவர். "நான் எப்படிப் போய்ப் பாக்கறது? ஆபீஸ் முடிச்சுட்டுக் கெளம்புனா ஃப்ரீவேயிலயே ஆட்டம் முடிஞ்சு போயிரும்."

கோபம் ஏறினால் இவர்கள் இருவரும் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். வாத்தியார் அதையெல்லாம் பொருட்படுத்தாமல் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பதில் பெரும்பாலும் சரியாகவே பொருந்தும்.

நான் டீ கொண்டுபோய் வைத்தேன். சமையலறைக்குத் திரும்பி வந்து காலண்டரில் அந்த வியாழக்கிழமையைத் தேடிப் பார்த்தேன். பென்சிலால் அதைச் சுற்றிச் சின்னதாக ஒரு வட்டம் போட்டேன்.

நான் ஹூஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட். வெள்ளி முதல் திங்கள் வரை வேலை, மற்ற மூன்று நாள் லீவு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நானே கேட்டு வாங்கிக்கொண்ட ஏற்பாடு அது. வாரநாட்களில் பாதி நாளாவது அவளை டேகேரில் விடாமல் நான் பார்த்துக்கொள்ளலாம், சனி ஞாயிறு அவர் பார்த்துக்கொள்ளலாம் என்று அப்போது அது பெரிய வரமாகத் தெரிந்தது. அவள் வளர்ந்து, காலேஜுக்குப் போய், அங்கே ஃபுட்பால் ஆட்டங்களில் வாசிக்கும் பெரிய பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்த பிறகுதான் சிக்கல். அவள் வாசிப்பது ட்ராம்போன். இழுத்தும் தள்ளியும் வாசிக்கிற நீளமான பித்தளைக் குழல். இரண்டு வருஷம் அவள் வாசித்த அத்தனை சனிக்கிழமையும் நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு தடவை கெஞ்சிக் கூத்தாடி அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு, ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மழைக்குப் பயந்து பாதிக் கூட்டம் வரவேயில்லை. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எங்கோ மின்னல் வெட்டியது. மின்னல் வெட்டினால் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள். திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டே இருந்தது. பேண்டை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் பார்த்ததெல்லாம் மழைக்கோட்டுப் போட்ட முதுகுகளைத்தான்.

என் கணவர் கதை வேறு. ஈரோட்டில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர். மகளைப் பார்க்கத்தான் முதலில் போனார். அவள் வாசிக்காத நேரத்தை எப்படியாவது ஓட்ட வேண்டுமே என்று பக்கத்து வீட்டு வாத்தியாரிடம் ஆட்டத்தின் விதிகளைக் கேட்டுக் கற்றுக்கொண்டார். வாத்தியார் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவர். அவ்வளவுதான், என் கணவர் ஆளே மாறிவிட்டார். அணியின் தொப்பி வந்தது, மடக்கு நாற்காலி வந்தது, கேஸ் அடுப்பு வந்தது. ஆட்டத்துக்கு முன்னால் பார்க்கிங் மைதானத்தில் வண்டியின் பின்கதவைத் திறந்துவைத்துச் சமைத்துச் சாப்பிடுவதை இங்கே டெயில்கேட் என்பார்கள். அதில் என் கணவர் போடும் மிளகாய் பஜ்ஜிக்கு வரிசை நிற்கிறதாம். ஹில்க்ராஃப்ட் தெருவில் இருக்கும் இந்தியக் கடைக்குப் போய்க் கடலை மாவு வாங்கி வருவதும், ஓமம், பெருங்காயம் எல்லாம் அளவாகக் கலந்து பையில் கட்டிக் கொடுப்பதும் நான்தான். யாராவது அதைச் சாப்பிடுவதை நான் பார்த்ததேயில்லை.

அந்தப் புல்தரைச் சண்டைக்குப் பிறகு, பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவது என்று என் கணவர் முடிவு செய்தார். மூன்று நாள் எழுதினார். பிறகு லேப்டாப்பை என் முன்னால் வைத்து, "இங்கிலீஷ் மட்டும் கொஞ்சம் பாத்துக் குடு" என்றார்.

நன்றாகத்தான் எழுதியிருந்தார். மறுநாள் காலையில் பரீட்சை இருக்கும் மாணவர்கள், நெடுந்தூரம் வண்டி ஓட்டி வரும் முதியவர்கள், விளம்பரத்துக்காக ரசிகர்களை விற்றுவிடுவது என்று ஒவ்வொன்றாக அடுக்கியிருந்தார். நான் கமாக்களைத் திருத்திக்கொண்டே வந்தேன். கடைசிப் பத்தியில், 'இதனால் உண்மையில் இழப்பவர்கள், தங்கள் பிள்ளை வாசிப்பதைப் பார்க்க ஆசையோடு வரும் தகப்பன்மார்களும் தாய்மார்களும்தான்' என்று இருந்தது. அங்கே நின்றுவிட்டேன்.

"இதுல தாய்மார்கள்னு போட்டிருக்கீங்களே, அது யாரு?" என்று கேட்டேன்.

"ஏன், எல்லாரோட அம்மாவும்தான்."

"எனக்கு வியாழக்கிழமை லீவுங்க."

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக லேப்டாப்பை மூடினார்.

"மூணு நாளா எழுதறேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ."

"நீங்க அவ்ளோ கோவமா இருந்தீங்க. உங்களோட சனிக்கிழமை உங்களுக்கு எவ்ளோ முக்கியம்னு எனக்குத் தெரியாதா?"

அவர் எழுந்து போய்க் காபி போட்டார். எனக்கும் சேர்த்து. குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "நான் ஒரு முட்டாளுடி" என்றார். அவ்வளவுதான். கடிதம் போகவில்லை.

மறுநாளிலிருந்து அவர் வியாழக்கிழமைக் கட்சி. மாறினால் முழுசாக மாறுகிறவர் அவர். ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் டாக்டரே கூச்சப்படும் அளவுக்கு வியாழக்கிழமையின் பெருமைகளை எழுதினார். வாத்தியார் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "துரோகி!" என்று கத்துவார். இவர் இந்தப் பக்கமிருந்து, "என் மனைவிக்கு லீவு!" என்று கத்துவார். கோடைகாலம் முழுக்க இப்படித்தான் போனது. வாத்தியாருக்குக் காரணம் புரியாமலில்லை. ஒரு நாள் என்னைத் தனியாகப் பார்த்து, "நீ போறதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா கொள்கை கொள்கைதான்" என்றார்.

மகளிடம் போனில் சொன்னேன்.

"அம்மா! யூ ஆர் கமிங்? ஃபார் ரியல்?" என்று கூவினாள். அடுத்த நிமிஷமே, "பட் ஐ ஹேவ் எ கெமிஸ்ட்ரி மிட்டர்ம் ஃப்ரைடே மார்னிங். தர்ஸ்டே கேம் இஸ் த வர்ஸ்ட்" என்று அழாத குறையாகச் சொன்னாள். ஆட்டத்துக்கு மறுநாள் காலையில் அவளுக்குப் பரீட்சை; ஆக, என் வீட்டிலேயே எதிர்க்கட்சி.

அந்த வியாழக்கிழமை வந்தது. என் கணவர் லீவு போட்டிருந்தார். காலை பத்து மணிக்கே ஒரு தரமும், அரை மணி கழித்து இன்னொரு தரமும் வானத்தைப் போய்ப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை. மத்தியானம் கிளம்பி இரண்டரை மணி நேரம் ஓட்டி, பார்க்கிங் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதிகூட இல்லை என்றார் அவர். எனக்கு ஒப்பிட்டுப் பார்க்க அந்த மழை நாள் மட்டும்தான். இருந்த கூட்டமே திருவிழா மாதிரி இருந்தது. எண்ணெய் காய்ந்ததும் வாசனைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். தாடி வைத்த ஒரு பெரிய உருவம் மிளகாய் பஜ்ஜியைக் கடித்து, கண்ணில் தண்ணீர் வர, "இன்னொன்று" என்று கையை நீட்டியது. "மாவு கலந்தது இவங்கதான்" என்று என் கணவர் என்னைக் காட்டினார். அந்த ஆள் தொப்பியைக் கழற்றி எனக்கு வணக்கம் வைத்தார்.

வரவே மாட்டேன் என்று சபதம் போட்டிருந்த வாத்தியாரும் வந்திருந்தார், தன் டிரக்கில், பாட்டுப் பயிற்சிக்கு மட்டம் போட்டுவிட்டு. கையில் ஒரு நீளத் துணிப் பதாகை. 'எங்கள் சனியைத் திருப்பிக் கொடு' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தானே வண்ணம் தீட்டியிருந்தார். தொலைக்காட்சியை எதிர்க்கும் பதாகை தொலைக்காட்சியிலேயே வர வேண்டும் என்பது அவர் திட்டம்.

ஆட்டம் தொடங்கியது. நாலு ஆள் ஓடுவதற்குள் நின்றுவிட்டது. மைதானத்தின் ஓரத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் வந்து நின்றார். அவர் நின்றால் தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடுகிறது என்று அர்த்தமாம். அவர் நகரும்வரை இருபத்திரண்டு ஆட்டக்காரர்களும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். என்னைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் முணுமுணுத்தார்கள். ஆனால் ஒவ்வொரு தடவை ஆட்டம் நின்றபோதும் எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த மகளின் பேண்டு எழுந்து வாசித்தது! சிவப்புத் தொப்பி தெரிந்தாலே நான் கை தட்டத் தொடங்கினேன். முன்வரிசைக்காரர் திரும்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இடைவேளையில் பேண்டு மைதானத்துக்குள் வந்தது. அத்தனை பேரும் ஒரே உடை, ஒரே இறகு வைத்த உயரத் தொப்பி, தாடையில் பட்டை. இதில் என் பெண் யார்? ட்ராம்போன்களே நீளமாக ஒரு வரிசை. யாரைப் பார்த்தாலும் அவள் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது.

"எங்கங்க அவ? சீக்கிரம் சொல்லுங்க."

என் கணவர் பின்னால் நின்று என் தலையை இரண்டு கையாலும் பிடித்து இடது பக்கம் கொஞ்சம் திருப்பினார். "முகத்தைப் பாக்காத. நடையைப் பாரு. மூணாவது. அந்த எடது தோள் லேசா தூக்குதா?"

தூக்கியது. அது அவள்தான். தோளை ஒரு பக்கம் தூக்காமல் பள்ளிக்கூடப் பையை மாட்டு என்று எத்தனை காலை வேளைகளில் அவளைத் திட்டியிருப்பேன். அதற்குப் பிறகு அவளை நான் விடவேயில்லை. அவர்கள் நட்சத்திரமாக நின்றார்கள், நேர்க்கோடாக நீண்டார்கள், சக்கரமாகச் சுழன்றார்கள். அந்த ஒரே ஒரு தொப்பியின் பின்னாலேயே என் கண் ஓடியது. ட்ராம்போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்து நிமிர்ந்தபோது விளக்கு வெளிச்சம் பித்தளையில் பட்டுச் சிதறியது. நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவளுடைய செல்லப்பெயரைத்தான் கத்தினாய் என்று அவர் பிறகு சொன்னார்.

இடைவேளைக்கு அடுத்த கால்பகுதி ஆட்டத்தில் பேண்டுக்கு ஓய்வு. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிக்கட்டுகளில் இரண்டு இரண்டாகத் தாவி வந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. என்னைக் கட்டிக்கொண்டபோது சட்டையின் பித்தளைப் பொத்தான்கள் என் கன்னத்தில் அழுந்தின.

"டிட் யூ சீ மி?"

"முழுசா பாத்தேன்டி. நீ மட்டும்தான் தெரிஞ்ச."

"ஐ டர்ன்ட் த ராங் வே இன் த சர்க்கிள்," என்று நாக்கைக் கடித்தாள்.

"அப்படியா? எனக்குத் தெரியவே இல்லையே."

"நான் பாத்தேன்" என்றார் அவள் அப்பா.

பஜ்ஜிப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, உடைக்குள்ளிருந்து கெமிஸ்ட்ரிக் குறிப்பு அட்டைகளை எடுத்து, என் தோளில் சாய்ந்தபடி படிக்கத் தொடங்கிவிட்டாள். எண்ணெய் விரலால் அட்டை எல்லாம் கறையானது. அப்போதுதான் வாத்தியார், பதாகையின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, "ஒரு நிமிஷம் பிடி, பஜ்ஜி எடுத்துக்கறேன்" என்றார். மறுமுனை ஏற்கெனவே கம்பியில் கட்டியிருந்தது. நானும் யோசிக்காமல் வாங்கிப் பிடித்தேன்.

ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது. நியூ ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் என் அக்கா.

"ஏய், டிவியில நீதான்டி! பெருசா காட்டுறான்! அது என்னடி போர்டு?"

"ஐயையோ, அது என்னுது இல்லக்கா..."

"சனியைத் திருப்பிக் குடுன்னு புடிச்சிக்கிட்டு நிக்கிற. அவனவன் சனி வெலகணும்னு எள்ளு தீபம் ஏத்திட்டிருக்கான், நீ என்னடான்னா வேணும்னு கேக்குற!"

ஸ்பீக்கரில் கேட்ட என் கணவர் சிரித்ததில் நாற்காலியிலிருந்து சரிந்தார். வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் வாட்ஸப்பில் அந்தப் படத்தைப் போட்டு, 'மதினி கட்சி மாறிட்டாக' என்று எழுதியிருந்தார். விஷயத்தை மகள் ஆங்கிலத்தில் விளக்கியதும், வாத்தியார் தன் வாழ்நாளில் கிடைத்த மிகப் பெரிய வெற்றி இதுதான் என்றார். வியாழக்கிழமையை நாட்டிலேயே அதிகமாக விரும்பிய ஒரு பெண்தான், அதை வேண்டாம் என்று நாட்டுக்கே சொன்னவள்.

எங்கள் அணி தோற்றது. நல்லபடியாகப் போராடித்தான் தோற்றது என்று எனக்கு விளக்கினார்கள்.

மறுநாள் காலை வேலைக்குப் போனபோது தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. என்னோடு வேலை செய்யும் பெண், இரண்டு சின்னக் குழந்தைகளின் அம்மா, என்னைப் பார்த்ததும் வாயில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். அவளும் டிவி பார்த்திருக்கிறாள். "சனிக்கிழமை மேல அவ்வளவு ஆசையா உனக்கு?" என்று கேட்டாள். பதில் சொல்லக் குரல் இல்லாததால் போனை எடுத்து என் கணவர் எடுத்த வீடியோவைக் காட்டினேன். முழுசாகப் பார்த்தாள். அவள் மாமியார் ஊரிலிருந்து வருகிறாராம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும், நவம்பரில் ஒரு சனிக்கிழமை டியூட்டியை மாற்றிக்கொள்ளலாமா என்று அவளாகவே கேட்டாள். நான் தலையை ஆட்டிய வேகத்தில் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது.

மகளிடமிருந்து மத்தியானம் செய்தி வந்தது. பரீட்சை சுமாராகப் போனதாம். ஓர் அட்டையில் எண்ணெய்க் கறைக்கு அடியில் இருந்த கேள்விதான் முதலில் வந்ததாம்.

நவம்பரில் போனேன். சனிக்கிழமைக் கூட்டம் என்றால் என்ன என்று அன்றுதான் பார்த்தேன். வண்டி நிறுத்தவே முக்கால் மணி நேரம் ஆனது, மாவு பாதியிலேயே தீர்ந்துவிட்டது. வெயில் நடு மண்டையில் அடித்தது. இடைவேளைக்கு பேண்டு உள்ளே வந்தபோது யாரும் என் தலையைத் திருப்பிவிட வேண்டியிருக்கவில்லை. இந்த முறை சக்கரத்தில் அவள் சரியான பக்கம்தான் திரும்பினாள்.