ஆளில்லாத வாளிகளும் எங்கள் ஆடும்

1. பதினோராவது டேக்

ஏழாம் எபிசோடின் பதினோராவது டேக்கில் பிலோமினா ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, "சேர், இந்த ஆடு இப்படிச் சிரிக்காதுங்க" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை எழுதினால் அச்சில் ஏறாது. அந்த ஆட்டை உண்டாக்கியவனே நான். பெயர் குட்டியப்பன். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளுக்கு வேத வசனங்களைச் சிரிப்போடு சொல்லிக்கொடுக்கும் கார்ட்டூன் தொடரில் அதுதான் கதாநாயகன். ஸ்கிரிப்டும் ஒலிப்பதிவும் என் பொறுப்பு. படம் வரைந்து அசைய வைப்பது தினேஷ். ஆட்டுக்குக் குரல் கொடுப்பது பிலோமினா. டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். ஞாயிறு ஆராதனை முடிந்து பஸ் ஏறி வந்தால்தான் எங்களுக்கு ரெக்கார்டிங்.

ஸ்டூடியோ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கடையின் மேல்மாடி, சுவரெல்லாம் முட்டை அட்டை, கதவில் கம்பளி. மழை பெய்தால் தகரம் அலறும், மழை விட்டால் பஸ்காரன் ஹோர்ன் அடிப்பான். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற நாலு நிமிடத்தில் ஆடு சிரித்தாக வேண்டும். அந்த நாலு நிமிடத்தில்தான் பிலோமினா ஹெட்போனைக் கழற்றினார்.

காட்சி இதுதான். பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் காய்ச்சல். அதற்குத் தண்ணீர் பிடிக்கக் குட்டியப்பன் வாளியோடு, மலைத்தண்ணீர் குழாய் வழியாக விழும் பீலிக்குப் போகிறது. அங்கே ஒருவரும் இல்லை, வெறும் வாளிகள் வரிசையாக நிற்கின்றன. "ஆளே இல்ல, வாளிக்கு என்ன மரியாதை?" என்று சிரித்தபடி அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அயலானை நேசி என்பதுதான் பாடம். எழுதி முடித்தபோது எனக்கே கைதட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"ஆடு சிரிக்கும்மா. ஸ்கிரிப்ட்ல சிரிக்குதுன்னு போட்டிருக்கு" என்றேன்.

"குட்டியப்பன் நல்ல ஆடுங்க சேர். அது இப்படிச் செய்யாது."

"இது கார்ட்டூன். எட்டு நிமிசம். நீங்க சிரிச்சிட்டுப் போங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

"எனக்குச் சிரிப்பு வரலைங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. டவுனில் டியூஷன் கொடுக்கும் டீச்சர் ஒருவரைப் பிடித்து ஆட்டைச் சிரிக்க வைத்தேன். அவர் முதல் டேக்கிலேயே மணிமணியாகச் சிரித்துக் கொடுத்தார். பார்த்தாயா என்று தினேஷிடம் சொன்னேன். அடுத்த இரண்டு ஞாயிறும் பிலோமினா வரவில்லை.

2. அட்டைக்குப் பிளேன்டீ

எனக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். தொடருக்கு ஆதரவு தரும் குழு கொழும்பில் இருந்தது. ஏழாம் எபிசோடைத் தோட்டத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்தால் இன்னொரு வருடம், பிடிக்காவிட்டால் அத்தோடு கடையைக் கட்ட வேண்டியதுதான். நானும் தினேஷும் பிலோமினாவும் வீட்டுக்குப் போவோம், குட்டியப்பன் ஹார்ட் டிஸ்க்கில் கிடப்பான்.

அந்தக் குழுவோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆட்டின் கூட்டாளியாக ஓர் அட்டைப்பூச்சியை வைத்திருந்தோம். மழை பெய்தால் காலில் ஏறுகிற அதே அட்டைதான். ஒட்டினால் விடாது, பேச்சையும் விடாது. குழுவின் தலைவி அம்மையார் போனில், "இரத்தம் குடிக்கிற பிராணி ஞாயிறு பாடசாலைக்கு ஏற்றதா?" என்று கேட்டார். மூன்று வாரம் கடிதப் போக்குவரத்து. கடைசியில் எங்கள் அட்டை பால் விடாத பிளேன்டீ குடிப்பது என்று சமாதானம் ஆனோம். தினேஷ் ஆறு எபிசோடிலும் அதற்கு ஒரு கோப்பை வரைந்து சேர்த்தார். இப்படி ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தவனுக்குப் பிலோமினாவின் சிரிப்பும் ஒரு தொல்லையாகத்தான் பட்டது.

3. அக்கரப்பத்தனையில் திரை

சனிக்கிழமை பகல், அக்கரப்பத்தனையில் ஒரு தோட்டத்துச் சிற்றாலயம். ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி, சுவரில் வெள்ளை வேட்டி விரித்து, புரொஜெக்டரைப் போட்டோம். நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். பின்னால் அம்மையாரும் குழுவும், ஓரத்தில் பாஸ்டர் ஐயா.

ஆடு வந்ததும் சிரித்தார்கள். அட்டை கோப்பையோடு வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பீலிக் காட்சி வந்தது. வாளிகளை ஆடு தள்ளியபோது சத்தம் நின்றது. அட்டை மட்டும் ஒரு வாளியில் ஒட்டிக்கொண்டு, "வரிசை, வரிசை" என்று கத்தியது. அட்டையை ஒரு சட்டம் பேசும் கிறுக்கனாகக் காட்டத்தான் அதை எழுதியிருந்தேன். முன்வரிசைப் பையன் ஒருவன், "கள்ள ஆடு" என்றான். அதை இன்னும் நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

படம் முடிந்ததும் பாஸ்டர் ஐயா எழுந்தார். "இன்னைக்குக் கதையில யாரு நல்லவங்க?"

"அட்டை" என்றது மொத்தச் சபையும்.

பாஸ்டர் ஐயா என்னைப் பார்த்தார். நான் புரொஜெக்டரைப் பார்த்தேன். அவர் ஒரு சிறுமியைக் கேட்டார்: "ஏம்மா, குட்டியப்பன் நோயாளிக்குத் தானே தண்ணி கொண்டு போச்சு?"

"எங்கம்மா விடியவே வாளிய வச்சிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவாங்க" என்றாள் அவள். "வாளி நின்னா அம்மா நிக்கிற மாதிரி. அத யாரும் தள்ள மாட்டாங்க. ஆடு அம்மாவத் தள்ளிடுச்சு."

எனக்கு முகம் சுட்டது. பதினைந்து வயதுவரை நானும் அதே மாதிரித் தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் இருந்து, அதே மாதிரி பீலியில் வாளி வைத்தவன்தான். பிறகு டவுனுக்கு வந்து, வீட்டுக்குள் குழாய் திறந்து, அது எப்படி மறந்துபோனது என்றே தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அம்மையார் நோட்டுப் புத்தகத்தை மூடினார். "ஒரு மாதம் தருகிறேன். திருத்தி எடுங்கள். இல்லாவிட்டால் இத்தோடு முடித்துக்கொள்வோம்."

4. சிவப்பு வாளி

மறுநாள் டிக்கோயாவுக்குப் போனேன். பிலோமினா வீட்டில் இல்லை, கடைக்குப் போயிருக்கிறார் என்றார்கள். பீலிப் பக்கம் நடந்தேன். ஏழெட்டு வாளிகள் வரிசையில் நின்றன, நாலாவதாக நின்ற சிவப்பு வாளியில் பெயின்டால் "பிலோ" என்று எழுதியிருந்தது. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "சும்மாதானே நிக்கிறீங்க, வரிசை நகருது, அந்தச் செவப்பு வாளிய முன்னுக்குத் தள்ளி வைங்க, பிலோ வர நேரமாகும்" என்றார்.

தள்ளி வைத்தேன். அதற்குப் பின்னால் இருந்தவற்றையும் தள்ளினேன். முன்னால் இருந்தவர்கள் வந்து பிடித்துக்கொண்டு போகப் போக, மூன்று முறை இப்படி. கடைசியில் பிலோமினாவின் முறை வந்தது, வாளியைப் பீலிக்கு அடியில் வைத்தேன். அது நிரம்பும்போது அவர் பையோடு வந்து நின்றார்.

"என் வாளிய நீங்களா நகத்துனீங்க?"

"ஆமாம்மா. எட்டு நிமிசத்துல இது தெரியாம போச்சு. அன்னைக்கே ஏன்னு கேட்டிருக்கணும். தப்பு என்னோடது."

அவர் வாளியைத் தூக்கி ஓரமாக வைத்தார். "நான் சொல்லியிருக்கலாம். நீங்க கேக்கிற மாதிரி இல்ல."

"இப்ப கேக்கிறேன். குட்டியப்பன் அங்க என்ன செய்யும்?"

"எல்லா வாளியையும் நகத்தி, ரொப்பிக் குடுக்கும். அதோட வாளி கடைசியிலதான் நிக்கும்." கொஞ்சம் யோசித்தார். "அது முறை வாறப்ப தண்ணி நின்னுரும். பீலிக்குள்ள எட்டிப் பாக்கும். அப்பத்தான் ஒரே பீச்சா மூஞ்சில அடிக்கும்."

அடுத்த ஞாயிறு அதையே பதிவு செய்தோம். ஸ்கிரிப்டில் தண்ணீர் அடித்ததும் ஆடு தும்ம வேண்டும், அவ்வளவுதான். பிலோமினா தும்மிவிட்டு, "பரவால்ல, மொகமாச்சும் கழுவியாச்சு" என்று தானாகவே சேர்த்துச் சிரித்தார். வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. இன்னொரு டேக் எடுக்க எனக்கு மனம் வரவில்லை, ஹோர்னோடு அப்படியே வைத்தோம். மற்ற ஆடுகள் திரும்பி வந்து ஆளுக்கொரு செம்பு ஊற்றிக் குட்டியப்பனின் வாளியை நிரப்புவது தினேஷின் யோசனை.

அதே ஆலயம், அதே பிள்ளைகள். அந்த வசனத்துக்கு அவர்கள் போட்ட சத்தத்தில் ஜன்னல் போர்வை ஒன்று கழன்று விழுந்தது. யாரு நல்லவங்க என்று பாஸ்டர் ஐயா கேட்கவே இல்லை. இன்னொரு வருடத்துக்கு அனுமதி வந்தது, அட்டையை மட்டும் சற்றுக் குறைக்க முடியுமா என்ற கேள்வியோடு. அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை, போடும் உத்தேசமும் இல்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றுதான் சொல்வேன். குரல் கொடுப்பவர் "இது இப்படிச் செய்யாது" என்றால், ஏன் என்று கேளுங்கள். மழை பெய்தாலும் கேளுங்கள்.

இப்போதும் சில ஞாயிறுகளில் டிக்கோயா பஸ் தாமதமாகும். குழு அவசரப்படுத்தும், டியூஷன் டீச்சர் டவுனிலேயே இருப்பார், கூப்பிட்டால் உடனே வருவார். நான் கூப்பிடுவதில்லை. பிலோமினாவின் நாற்காலியில் அவருடைய ஹெட்போன் இருக்கிறது. அது இருந்தால் அவர் இருக்கிறார்.