ரஸீன் நானாவும் நூறு வாழைக்கண்டுகளும்

எங்கட ரஸீன் நானா இல்லையென்றால் இந்த நாட்டில் வாழைப்பழம் என்ற சாமானே இருந்திருக்காது. குரங்குகள் பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நின்றிருக்கும். பெரஹரா ஊர்வலத்து யானைகள் நடக்க மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கும். உலகத்து விஞ்ஞானிகள் எல்லாரும் காலையில் பல் விளக்க முந்தி நானாவுக்கு ஒரு போன் கோல் எடுத்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். இதை நானா சொன்னதில்லை, அவருடைய தங்கச்சி நான்தான் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அதனால் எங்கட அலவத்துகொட சந்தியில் நாலு பேர் அவரை 'டொக்டர்' என்று கூப்பிடுகிறார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறுகிறார்.

உள்ளதைச் சொன்னால், பிலிமத்தலாவைப் பக்கம் மேட்டில் இருக்கிற உயிர்த்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு அவர் போத்தல் கழுவப் போனவர், பத்தொன்பது வயதில். அங்கே வாழையை மண்ணில் தொடங்குவதில்லை. கிழங்கின் குருத்தில் சோற்றுப் பருக்கை அளவு வெட்டி, ஜாம் போத்தல் மாதிரி ஒன்றுக்குள் ஜெலி ஊற்றி அதில் வைப்பார்கள். அது நாலாகும், நாலு நாற்பதாகும். எல்லாம் ஒரே அச்சு, ஒன்றுக்கொன்று ஒரு மயிர் வித்தியாசம் இராது. மூன்று வருஷம் அந்தப் போத்தல்களைக் கழுவிய பிறகு, போத்தலை விட்டு வெளியே வருகிற வாழைக்கண்டுகளைப் பராமரிக்கும் வலைக்கூடாரத்துக்கு நானாவை மாற்றினார்கள். அங்கே ஐந்து வருஷம். இன்னும் நிரந்தரமில்லாத 'கெஷுவல்'தான்.

கூடாரத்து வேலை லேசு என்று நினைத்துவிடாதீர்கள். போத்தலில் பிறந்த கண்டு காற்றைக் கண்டதில்லை, வெயிலைக் கண்டதில்லை. சட்டென்று வெளியே வைத்தால் செத்துப்போகும். மண்ணுக்கு மாற்றி, பொலித்தீனால் மூடி, கண்டில் படாமல் தென்னை ஈர்க்கில் குத்தித் தூக்கி, முதல் வாரம் முழுக்கப் பொத்தி வைத்து, அடுத்த வாரம் ஒரு மூலையை மட்டும் திறந்து, அதற்கடுத்த வாரம் மற்ற மூலையை. புது மருமகளை மாமி வீட்டுக்குப் பழக்குகிற மாதிரி. நானா வேலை நாளில் அத்தர் பூச மாட்டார், அந்த வாசம் கண்டுகளுக்கு ஆகாதாம். கண்டுகளோடு பேசுவார், அதுவும் சிங்களத்தில். ஏன் தமிழில் பேசுவதில்லை என்று கேட்டதற்கு, கம்பஸில் பிறந்ததுகள்தானே, அதுகளுக்குத் தமிழ் இன்னும் பிடிபடவில்லை என்றார். முகத்தில் ஒரு சிரிப்பில்லை.

கூடாரத்துக்குப் பொறுப்பு நிஷாந்தினி மெடம், யாழ்ப்பாணத்து ஆள். போன மாதம் அவர் நூறு கண்டு உள்ள ஒரு ட்ரேயை நானாவிடம் தனியாகக் கொடுத்தார். மூன்று வாரம் கழித்து எண்ணும்போது தொண்ணூறு கண்டாவது உயிரோடு நின்றால் நானாவை நிரந்தரமாக்கச் சொல்லித் தன் கையால் கடிதம் எழுதுவாராம். குறைந்தால் கூடாரத்துக்கு வேறு ஆள். நானா அன்றிலிருந்து சோறு தின்னும்போதும் கண்டுகளைத்தான் எண்ணினார்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை, கூடாரத்தில் தண்ணீர் தூவுகிற பம்ப் எரிந்துபோனது. பௌர்ணமிப் போயா லீவு வேறு. திருத்துகிறவன் செவ்வாய்க்கிழமைதான் வருவான், எண்ணுவதோ திங்கட்கிழமை. நானா மெடத்திடம் கேட்டுவிட்டு ட்ரேயை மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதைத் தன் கட்டிலில், நுளம்பு வலைக்குள் வைத்தார். அவர் படுத்தது கீழே, பாயில். நுளம்பு ராத்திரி முழுக்க அவரைக் கடித்துத் தின்றது. நாலு கண்டு முன்னமே போய்விட்டது, மிச்சம் தொண்ணூற்றாறு.

ஞாயிறு பகல் அவர் புதுத் தெளிபோத்தல் வாங்க அக்குறணைக்குப் போனார். நானாவைப் பயங்காட்டவென்று கண்டி நடைபாதையில் வாங்கின ரப்பர் பாம்பு ஒன்று என்னிடம் இருந்தது. மூன்று மாதமாகச் சரியான இடம் கிடைக்காமல் இருந்த பாம்பு. பொலித்தீனைக் கழற்றி, பாம்பைக் கண்டுகளுக்கு நடுவே சுருட்டி வைத்து, அதன் பளபளப்புத் தெரியட்டும் என்று ட்ரேயை ஜன்னல் வெயிலுக்கு இழுத்தேன். மூடுவதற்குள் பக்கத்து வீட்டு ஸுமைரா கூப்பிட்டாள். அஞ்சு நிமிஷம் என்று போனேன். ரெண்டு மணித்தியாலம்.

திரும்பி வந்தால் எட்டுக் கண்டு கழுத்து முறிந்த மாதிரிப் படுத்துக் கிடந்தது.

நான் ஓஎல் பரீட்சையில் கணக்கில் ரெண்டு தரம் விழுந்தவள். ஆனாலும் தொண்ணூற்றாறில் எட்டுப் போனால் எண்பத்தெட்டு என்று உடனே வந்தது. முதலில் பாம்பைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். வீட்டுப் பின் வளவில் மஞ்சள் முளைத்திருந்தது. சின்னதில் மஞ்சளின் இலையும் வாழை மாதிரியே சுருண்டு வரும். எட்டையும் பிடுங்கிவிட்டு மஞ்சளை நட்டேன். நட்டது நட்டதுதானே என்று முன்னம் செத்த நாலின் இடத்தையும் நிரப்பினேன். நூறு. பிடுங்கியதைத் தண்ணிப் பைப்படியில் கிடந்த தயிர்ச்சட்டிக்குள் எறிந்தேன். குப்பை. அவ்வளவுதான்.

நானா பின்னேரம் வந்து தண்ணீர் தெளித்தார். ட்ரேயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குனிந்து ஒரு இலையை மோந்து பார்த்தார்.

காலையில் ட்ரே பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னையும் சந்தி ஓட்டோக்காரன் முனாபின் த்ரீவீலில் ஏற்றினார்.  அவருடைய காலடியில் ஒரு சொப்பிங் பேக் இருந்தது.

மெடம் பேனை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். முடிந்ததும் இன்னொரு தரம் எண்ணினார்.

"நூறும் நிக்குது ரஸீன். நான் இப்பிடி ஒருக்காலும் கண்டதில்லை."

நான் கூடாரத்தின் கூரையைப் பார்த்தேன்.

"எழுத வாணாம் மெடம்" என்றார் நானா. "எண்பத்தெட்டுத்தான் ஒரே உம்மாட புள்ளைகள். மிச்சம் பக்கத்து வீட்டுப் புள்ளைகள்."

பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேசையில் வைத்தார். மஞ்சள் வாசம் எழும்பிற்று. மெடம் பேனையை மூடினார். 

அப்போதுதான் நானா பேக்கைத் திறந்து தயிர்ச்சட்டியை எடுத்தார். விடியச் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுக்கப் போன பைப்படியில் கண்டாராம். சட்டிக்குள் ஆறு கண்டு நிமிர்ந்து நின்றது. ரெண்டு மட்டும் இன்னும் தலை தூக்கவில்லை. வாடினது எல்லாம் செத்ததில்லை, பொத்தி வைத்தால் ஒரு ராத்திரியில் எழும்பும் என்று அவர் மெடத்துக்குச் சொன்னார், மெடத்துக்கு அது தெரியாது என்கிற மாதிரி.

மெடம் சட்டிக் கண்டின் இலையை ட்ரேக் கண்டின் இலைக்குப் பக்கத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனையைத் திறந்தார்.

"சட்டியில நிண்டாலும் எங்கட கண்டுதானே. தொண்ணூற்றி நாலு."

கடிதத்தை எழுதிவிட்டு, மஞ்சளை நட்டது ஆர் என்று கேட்டார். வீட்டில் ஒரு குரங்கு இருக்கு என்றார் நானா. மெடம் என்னை ஒரு பார்வை பார்த்து, "ஓம், தெரியுது" என்றார்.

திரும்பி வரும்போது நானே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பாம்பு, வெயில், மஞ்சள், எதையும் ஒளிக்கவில்லை. கொஞ்சம் பெருமையாகவும் சொன்னேன். முனாப் சிரித்ததில் த்ரீவீல் ஒரு பக்கம் போய் வந்தது. நானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் நேத்தே தெரியும். சட்டி?" என்றார்.

"அது குப்பை. எறிஞ்சது."

"குப்பைக்கு ஆரும் மண் போட்டு நட்டு, தண்ணி தெளிச்சு, ஈர்க்கில் குத்திப் பொலித்தீன் மூடுறல்ல."

"காத்துக்கு வந்து மூடியிருக்கும்."

நானா சேட்டுப் பொக்கெட்டில் கை விட்டு, தலை ஸ்காஃபுக்குக் குத்துகிற, பச்சைக் கல் வைத்த பின் ஒன்றை எடுத்து நீட்டினார். சட்டியை மூடின பொலித்தீனில் குத்தியிருந்ததாம்.

"காத்து இப்ப ஸ்காஃபும் போடுது போல, ருக்கியா."

என் கை தன்பாட்டில் நாடிக்குக் கீழே போனது. அங்கே ஸ்காஃப் வெறும் முடிச்சில் நின்றது.